ஓய்ந்த மின்கலங்கள்

பிரான்சு நாட்டின் மேற்குக் கடற்கரையில் லா ரோஷெல் என்னும் துறைமுக நகரம் உள்ளது. 1993ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரில் 50 மின்மகிழுந்துகள் சோதனை ஓட்டத்திற்கு விடப்பட்டன. பியூஜோ 106, சிட்ரோயன் ஏஎக்ஸ் ஆகிய சிறு வண்டிகளில் பெட்ரோல் பொறியை நீக்கி மின்னோடியைப் பொருத்திய வடிவங்கள் அவை. சோதனையில் கிடைத்த பட்டறிவைக் கொண்டு 1995 முதல் இத்தகைய மகிழுந்துகள் விற்பனைக்கு வந்தன. லித்தியம் மின்கலம் ஊர்திகளுக்கு வந்து சேராத காலம் அது. ஆகவே, சுவீடன் நாட்டு வால்டமார் யுங்னர் 1899இல் உருவாக்கிய நிக்கல் காட்மியம் மின்கலத்தையே பொறியாளர்கள் தேர்ந்தனர். அது காரீய அமில மின்கலத்தைவிட எடை குறைந்தது, குளிரைத் தாங்குவது, முற்றிலும் வெறுமையானாலும் எளிதில் கெடாதது.

பியூஜோ 106 மகிழுந்தில் இருபது மின்கலப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் கோக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் 1.2 வோல்ட் அளவுள்ள ஐந்து கலங்கள் உண்டு. எனவே, ஒரு பெட்டிக்கு 6 வோல்ட். அடுக்கு முழுமைக்கும் 120 வோல்ட். கொள்ளளவு 100 ஆம்பியர் மணி. ஏறத்தாழ 250 கிலோகிராம் எடையுள்ள இந்த அடுக்கைக் கொண்டு புதிய வண்டி சுமார் 80 கிலோமீட்டர் ஓடியது. ஆண்டுகள் பல கடந்தபின் அதே வண்டி முப்பது கிலோமீட்டரிலேயே தளர்ந்து நின்றால், அடுக்கு முழுவதும் பாழாகிவிட்டது என்று உரிமையாளர் எண்ணுவது இயல்பே. பல வேளைகளில் அவ்வெண்ணம் தவறாகிவிடுகிறது. இரண்டு மூன்று பெட்டிகளின் தளர்ச்சியே வண்டியை நிறுத்தியிருக்கும்.

தொடரிணைப்பில் எல்லாக் கலங்களின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது. வலுக்குன்றிய கலம் முதலில் வெறுமையாகிறது. மற்றவை அப்போதும் மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டே இருப்பதால், அக்கலத்தின் நேர்முனையும் எதிர்முனையும் தலைகீழாகின்றன. உள்ளே வாயு பெருகுகிறது. அது மேலும் கெடுகிறது. நுகத்தில் பூட்டிய மாடுகளில் ஒன்று சோர்ந்தபின்னும் வண்டியை விரட்டினால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேர்கிறது.

திறனறியும் முறை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்குச் செல்லாது. இருபது பெட்டிகளையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும். காரீய அமில மின்கலத்தில் அமிலத்தின் அடர்த்தியைத் திரவமானியால் அளந்து மின்னேற்றத்தை மதிப்பிடலாம். நிக்கல் காட்மியம் கலத்தின் மின்பகுளியோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். மின்னேற்றம் ஏறினாலும் இறங்கினாலும் அதன் அடர்த்தி ஏறத்தாழ மாறுவதில்லை. மின்னழுத்தமும் நீண்ட நேரம் 1.2 வோல்ட்டை ஒட்டியே நின்று, இறுதியில்தான் சரிகிறது. பார்வைக்கு நலமாகத் தோன்றும் பெட்டி பாதி வெறுமையாக இருக்கக்கூடும்.

எனவே, கொடுக்க வைத்து அளப்பதே நம்பத்தக்க வழி. முழுமையாக மின்னேற்றிய பெட்டியிலிருந்து 20 ஆம்பியர் மின்னோட்டத்தை மாறாமல் எடுத்து, மின்னழுத்தம் 5 வோல்ட்டுக்கு இறங்கும்வரை நேரம் கணக்கிடப்படுகிறது. ஐந்து மணி நேரம் நின்றால் கொள்ளளவு 100 ஆம்பியர் மணி. மூன்று மணி நேரத்தில் ஓய்ந்தால் 60. மின்னழுத்தம் சரிவாக இறங்காமல், படியிலிருந்து விழுவதுபோல ஒரேயடியாக ஒரு வோல்ட் அளவுக்கு வீழ்ந்தால், ஐந்தில் ஒரு கலம் மற்றவற்றுக்கு முன்பே தீர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்ததாக, மின்னேற்றிய பெட்டியைச் சில நாள்கள் தனியே வைத்து மீண்டும் அளக்க வேண்டும். பயன்படுத்தாமலே பெரிதும் இழந்திருந்தால், தகடுகளுக்கிடையே உள்ள பிரிப்பானைக் காட்மியம் துளைத்து உள்ளே கசிவு உண்டாகியிருக்கலாம். அத்தகைய பெட்டியைச் சீராக்க முயல்வது வீண்.

புத்துயிர் ஊட்டல்

கசிவில்லாத பெட்டிகளுக்கு நம்பிக்கை உண்டு. நெடுநாள் அரைகுறையாகப் பயன்பட்ட கலத்தில் காட்மியத்தின் நுண்படிகங்கள் பருத்துவிடுகின்றன. படிகம் பருத்தால் வேதிவினைக்குக் கிடைக்கும் மேற்பரப்பு சுருங்குகிறது. பெட்டியை மெதுவாக முழுமையும் மின்னிறக்கி, பின்பு 10 ஆம்பியர் அளவில் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் மின்னேற்றி, இச்சுழற்சியைச் சிலமுறை திரும்பச் செய்தால் படிகங்கள் மீண்டும் நுண்மையாகின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் கொள்ளளவைக் குறித்துவர வேண்டும். ஏற்றம் நின்றவுடன் பணியும் முடிந்தது.

எல்லாத் தளர்ச்சிக்கும் 'நினைவு விளைவு' என்று பெயரிட்டுவிடும் வழக்கம் உண்டு. உண்மையில் நீர் பார்க்காத குற்றமே இவ்வகை அடுக்குகளைப் பெரிதும் கெடுக்கிறது. மிகையாக ஏற்றப்படும் ஒவ்வோர் ஆம்பியர் மணியும் ஒவ்வொரு கலத்திலும் 0.336 கிராம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. அடுக்கில் உள்ள கலங்கள் நூறு. மிகை மின்னேற்றம் 100 ஆம்பியர் மணியை எட்டும்போது ஏறத்தாழ 3.4 லிட்டர் நீர் மறைந்திருக்கும்! தகடுகள் நீருக்கு வெளியே தெரியத் தொடங்கினால் அப்பகுதி பயனற்றதாகிவிடும். மின்னேற்றம் முடிந்தபின்னரே வாலைவடிநீரை ஊற்ற வேண்டும். முன்னரே நிரப்பினால் மின்னேற்றத்தின்போது மின்பகுளி உயர்ந்து வழியும். காரீய அமிலத்தைத் தொட்ட புனலோ குழாயோ அருகில் வரலாகாது; சிறிதளவு அமிலமும் காரக் கலத்துக்குப் பகை.

இப்பணியில் இடர்கள் பல. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கண்ணையும் தோலையும் அரிக்கும். காற்றில் ஹைட்ரஜன் நான்கு விழுக்காட்டை எட்டினால் ஒரு பொறியே வெடிப்புக்குப் போதுமானது. 120 வோல்ட் நேர்மின்னோட்டம் உயிரைப் பறிக்க வல்லது. கண்ணாடி, கையுறை, காப்பிட்ட கருவிகள், காற்றோட்டமான இடம் ஆகியவை இன்றி, பயிற்சி பெறாதவர் இதில் இறங்கலாகாது.

சோதனை முடிந்தபின் பெட்டிகளை இணை சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். 90 ஆம்பியர் மணி தரும் பெட்டிகளோடு 60 மட்டுமே தரும் ஒன்றைக் கோத்தால் அடுக்கு முழுவதும் 60க்கே பயன்படும். அதனால்தான், புதிய பெட்டிகள் கிடைக்காத நிலையில், இரு பழைய வண்டிகளின் நாற்பது பெட்டிகளை அளந்து, ஒத்த திறனுள்ள இருபதைக் கொண்டு ஒரு வண்டியை ஓடவைக்கின்றனர். எஞ்சியவற்றை மண்ணில் புதைக்க இயலாது. காட்மியம் சிறுநீரகத்தையும் எலும்பையும் தாக்கும் நச்சு உலோகம். ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டங்களால் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியுள்ளது. ஆகவே, ஓய்ந்த பெட்டிகள் மறுசுழற்சி ஆலைக்குச் செல்கின்றன. அங்குக் காட்மியம் வெப்பத்தால் ஆவியாக்கிக் குளிர்விக்கப்பட்டு மீண்டும் உலோகமாகப் பெறப்படுகிறது.