தத்தெடுத்தால் மட்டும் போதுமா?

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். வைத்தவனே விட்டுட்டுப் போனா? 'ஓபன் ஆபீஸ்' கதை அதுதான். கடிதம், கணக்கு எல்லாம் செய்ய உதவும் இலவச மென்பொருள் அது. அதை வளர்த்த சன் கம்பெனியை 2010-ல் ஆரக்கிள் வாங்கியது. 2011-ல் அப்பாச்சி என்ற லாப நோக்கமில்லாத அறக்கட்டளையிடம் அதை ஒப்படைத்தது.

தத்தெடுத்தவருக்கு என்ன பொறுப்பு? நான் தெரிந்துகொண்டவை:

1. நிரலின் ஒவ்வொரு பகுதியும் யாருடையது, என்ன உரிமம் என்று சரிபார்க்கணும்.
2. பெயரையும் சின்னத்தையும் போலிகளிடமிருந்து காக்கணும்.
3. பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் சீக்கிரம் அடைக்கணும்.

மூன்றாவதுக்குத்தான் ஆள் போதவில்லை. பலர் 2010-லேயே பிரிந்துபோய் 'லிப்ரே ஆபீஸ்' தொடங்கிட்டாங்க. 2016 ஜூலையில் ஓபன் ஆபீஸில் ஒரு ஓட்டை இருப்பதாக அறிவித்தார்கள். திருத்திய முழுப் பதிப்பு அக்டோபரில்தான் வந்தது! இடையே, செப்டம்பரில், 'மூடிடலாமா?' என்ற பேச்சே எழுந்தது. மூடவில்லை. ஆனால் அதை நம்பிக் கோப்பு திறந்தவங்க கதி என்ன, யோசிங்க!

ஆகவே, எதையும் ஏற்கும் முன், தினமும் தண்ணி ஊத்த எத்தனை பேர் இருக்காங்க என்று எண்ணணும். நம்ம பள்ளி மன்றங்களுக்கும் இதேதான்!