பாலத்தை அகலப்படுத்துதல்: சுமை செல்லும் வழி

நகரம் வளர்கிறது, ஆற்றின் மீதுள்ள பாலம் வளர்வதில்லை. குதிரை வண்டிகளுக்காகக் கட்டப்பட்ட பாலத்தில் பேருந்துகளும் சரக்குந்துகளும் நெருக்கும்போது, அதனை அகலப்படுத்த வேண்டும் என்னும் கோரிக்கை எழுகிறது. ‘அகலப்படுத்துதல்’ என்னும் சொல் கண்ணுக்குத் தெரியும் சாலைப் பரப்பையே சுட்டுகிறது. பொறியாளரின் முதல் வினாவோ வேறு: கூடுதலாக ஏறும் சுமை எவ்வழியாக நிலத்தைச் சென்றடையும்?

சாலைத்தளத்தின் சுமை விட்டங்களுக்கோ வளைவுகளுக்கோ செல்கிறது. அங்கிருந்து தூண்களுக்கும், தூண்களின் வழியே அடித்தளத்துக்கும், இறுதியில் ஆற்றுப்படுகை மண்ணுக்கும் இறங்குகிறது. இவற்றுள் ஒன்று நலிந்திருப்பினும் ஏனையவற்றின் வலிமையால் பயனில்லை.

தேம்ஸ் ஆற்றின் மீது ஜான் ரென்னியின் வடிவமைப்பில் ஐந்து கல் வளைவுகளுடன் எழுந்த லண்டன் பாலம் 1831ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நெரிசல் மிகவே, 1902 முதல் 1904 வரை நடைபெற்ற பணியில் அதன் அகலம் 52 அடியிலிருந்து 65 அடியாக உயர்த்தப்பட்டது. இதற்காக ஆற்றில் புதிய தூண்கள் எழுப்பப்படவில்லை. இரு பக்கங்களிலும் கருங்கல் தாங்கிகளை வெளியே நீளுமாறு பதித்து, அவற்றின் மேல் நடைபாதைகளை அமைத்தனர். கோயில் மண்டபத் தூணின் தலையில் அமர்ந்து உத்திரத்தைத் தாங்கும் போதிகையை ஒத்தவை அத்தாங்கிகள்.

ஒரு முனை மட்டும் ஊன்றப்பெற்று, மறுமுனை வெளியில் நீண்டு நிற்கும் உறுப்பை ‘நெடுங்கை’ என்பர். பொருளைத் தானே விளக்கும் கலைச்சொல் இது. தடித்த நூலொன்றை மார்போடு அணைத்துப் பிடித்தால் அதன் எடை பெரிதாகத் தெரியாது. கையை நீட்டிப் பிடித்தால் சிறிது நேரத்தில் தோள் வலிக்கும். நூலின் எடை கூடவில்லை. தோளிலிருந்து அதன் தொலைவே கூடியது. நெடுங்கை நீள நீள, அது பொருந்தியிருக்கும் இடத்தில் வளைக்கும் விசையும் கூடுகிறது. அத்துடன், கூடுதல் எடை முழுவதையும் பழைய தூண்களும் பழைய அடித்தளமுமே ஏற்க வேண்டும்.

பின்னாளைய அளவீடுகள் லண்டன் பாலம் எட்டு ஆண்டுகளுக்கு ஓர் அங்குலம் என்னும் வீதத்தில் தாழ்வதைக் காட்டின. 1924ஆம் ஆண்டளவில் கிழக்குப் பக்கம் மேற்குப் பக்கத்தைவிட மூன்று, நான்கு அங்குலம் தாழ்ந்திருந்தது. அகலப்படுத்தியது ஒன்றே இதற்குக் காரணம் என்று கூற இயலாது. ஆயினும் தாழும் அடித்தளத்தின் மேல் சுமை ஏற்றப்பட்டது என்பது உண்மை. பாலம் முழுவதும் சீராகத் தாழ்வதைவிட ஒருபுறமாகத் தாழ்வதே பெருங்கேடு. கல் வளைவில் அது விரிசலை உண்டாக்கும். 1968ஆம் ஆண்டில் அப்பாலம் விற்கப்பட்டு, அதன் முகப்புக் கற்கள் அமெரிக்காவின் அரிசோனாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. இன்று அங்கே சுமையைத் தாங்குவது உள்ளிருக்கும் கான்கிரீட். கற்கள் அதன் போர்வை.

பழைய பாலத்தை ஒட்டிப் புதிய தூண்களை எழுப்புவது மற்றொரு முறை. இதிலும் இடர் உண்டு. பழைய அடித்தளம் தாழ்ந்து அமைந்துவிட்டது. புதியது இனித்தான் அமையும். புதிய கான்கிரீட் காயும்போது சுருங்கும். பழையது சுருங்கி முடிந்தது. ஆகவே இரண்டையும் உடனே இணைக்காமல், இடையில் ஓர் இடைவெளி விட்டு, பிறகு நிரப்புவர். புதிய தூண்கள் நீரோட்டத்தை நெருக்கினால் ஓட்டம் விரைந்து படுகையை அரிக்கும் என்பதையும் கருத வேண்டும்.

மூன்றாவது முறை, ஏற்றுவதற்கு முன் இறக்குவது. இங்கிலாந்தின் பிளிமத், சால்டாஷ் நகரங்களை இணைக்கும் டேமர் தொங்குபாலம் 1961ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் நிறைவுற்ற பணியில், இருபுறமும் எஃகு நெடுங்கைத் தளங்கள் சேர்க்கப்பட்டன. போக்குவரத்தை அவற்றுக்கு மாற்றிவிட்டு, நடுவிலிருந்த கான்கிரீட் தளத்தை அகற்றி, எடை குறைந்த எஃகுத் தளம் பொருத்தினர். கூடுதல் வடங்களும் இணைக்கப்பட்டன. பணிக்காலத்திலும் பாலம் பயன்பாட்டில் இருந்தது.

அகலப்படுத்தாமல் விடுவதும் ஒரு பொறியியல் முடிவே. சிங்கப்பூர் ஆற்றின் மீது 1869ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கேவனா பாலம் பெருகிய போக்குவரத்துக்குப் போதவில்லை. அருகிலேயே ஆண்டர்சன் பாலம் கட்டப்பட்டு 1910ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பழைய பாலம் நடந்து செல்வோருக்கானது. மூன்று அந்தர் எடைக்கு மேற்பட்ட வண்டிகளையும், மாடு, குதிரைகளையும் தடுக்கும் அறிவிப்பை அங்கே இன்றும் காணலாம்; மூன்று அந்தர் என்பது ஏறத்தாழ 152 கிலோகிராம்.

வகுப்பறையில் பாலம் வரையும் மாணவர் பெரும்பாலும் சாலையையும் தூணையும் வரைந்து, நீர்மட்டத்தில் நிறுத்திவிடுவர். சுமையைக் காட்டும் அம்புக்குறியை நீருக்குக் கீழும், படுகை மண் வரைக்கும் நீட்டுமாறு ஆசிரியர் சொல்லலாம். அகலப்படுத்தும் பொறியாளரின் பணி அந்த அம்பின் நுனியிலிருந்து தொடங்குகிறது.