இயந்திரத்தின் மூளை எவர் கையில்?

கொட்டியாரக் குடாவில் தொழில் செய்யும் மூதூர் மீனவரின் படகு இயந்திரம் சற்றுத் தடுமாறினால், அவர் உடனே எவரையும் தேடி ஓடுவதில்லை. பிளக்கைக் கழற்றித் துடைப்பார். காபரேற்றரின் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவார். ஓசையைக் கேட்டே குறையை அறிவார். ஆனால், இன்றைய காரின் முன்மூடியைத் திறந்தால் அத்தகைய திருகாணி எதுவும் கண்ணிற் படாது. அதன் பணியைச் சிறிய கணனியொன்று ஏற்றுக்கொண்டுள்ளது. அக்கணனியைத் திறந்து திருத்தும் மென்பொருள்கள் இப்போது சாதாரண மக்களின் கைக்கும் எட்டியுள்ளன. இது நன்மையா, தீமையா என்பதை நாம் ஆராய வேண்டியுள்ளது.

கிடைத்ததைக் கொண்டு இயந்திரத்தை இசைவாக்கும் கலை எமது மக்களுக்குப் புதிதன்று. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரிதாகிய யாழ்ப்பாணத்தில், மொறிஸ், ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே அதற்குக் காரணம். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்களாகையால் அவை ஒருவாறு தாக்குப்பிடித்தன. ஆயினும், அவை கக்கிய புகையையும் அடைந்த தேய்மானத்தையும் அக்காலத்தில் வாழ்ந்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்றைய இயந்திரக் கணனி செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். சுழலும் வேகம், உட்செல்லும் காற்றின் அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றை உணரிகள் மூலம் அறிந்து, எவ்வளவு எரிபொருள் தெளிப்பது, எக்கணத்தில் தீப்பொறி மூட்டுவது என அது தீர்மானிக்கின்றது. அதற்கான விடைகள் அட்டவணைகளாக எழுதப்பட்டுள்ளன. 16 வரிசையும் 16 நிரலும் கொண்ட ஓர் அட்டவணையில் 256 கட்டங்கள் இருக்கும். கார் விரையும்போது அக்கட்டங்களிலுள்ள எண்களே இயந்திரத்தை ஆள்கின்றன.

இவ்வெண்கள் நெடுங்காலம் உற்பத்தி நிறுவனங்களின் இரகசியமாகவே இருந்தன. 2001ஆம் ஆண்டில் அமெரிக்கர்களான புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ ஆகியோர், உரிமையாளர் தாமே ஒட்டிப் பொருத்தக்கூடிய ‘மெகாஸ்குவர்ட்’ எனும் கட்டுப்பாட்டுக் கருவியை வெளிக்கொணர்ந்தனர். பின்னர் மலிவான ஆர்டுயினோ பலகையில் இயங்கும் ‘ஸ்பீடுயினோ’ வந்தது. ‘ரியூனர்ஸ்ரூடியோ’ போன்ற மென்பொருளை மடிக்கணனியில் நிறுவி, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் போதே எண்களை மாற்றலாம். டேர்போ பொருத்தி, பெரிய எரிபொருள் தெளிப்பான்களை இணைத்துக் காரின் வலுவைக் கூட்டுவோருக்கு இம்மாற்றம் இன்றியமையாதது. பழைய எண்கள் புதிய பாகங்களுக்குப் பொருந்தா.

ஆபத்தும் இங்கேதான் உள்ளது. ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். முழு வலுவில் ஓடும்போது எரிபொருள் இதனிலும் சற்று அதிகமாக இருத்தல் அவசியம். அவ்வேளையில் அது குறைந்தால் வெப்பம் மிகுந்து பிஸ்ரன் உருகலாம். அளவுக்கு மிஞ்சினால் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டுத் தேய்மானம் விரைவுபடும். தீப்பொறியை மிகவும் முற்படுத்தினாலோ, சுடர் பரவி முடியுமுன் எஞ்சிய கலவை தானாக வெடிக்கும். எமது கராஜ்களில் ‘நொக்கிங்’ எனப்படுவது இதுவே. 95 ஒக்ரேன் பெற்றோலுக்காக எழுதப்பட்ட எண்களுடன் 92 ஒக்ரேன் பெற்றோலை நிரப்பினாலும் இதே விபரீதம் நேரக்கூடும். அதிவேகத்தின் இரைச்சலில் அவ்வோசை காதுக்கு எட்டாது. ஆகவே, காதை மட்டும் நம்பிய காலம் கடந்துவிட்டது.

புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் அகலப்பட்டை உணரியின்றி எண்களில் கைவைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்கு ஒப்பாகும். முதலில் பழைய அட்டவணையைப் பிரதியெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தையே செய்து, விளைவைப் பதிந்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். தானே எண்களைத் திருத்தும் வசதி சில மென்பொருள்களில் உண்டெனினும், உணரி பிழையாகக் காட்டினால் அதுவும் பிழையாகவே திருத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி ஓட்டுபவர் மடிக்கணனித் திரையைப் பார்க்கக் கூடாது.

பூட்டி வைப்பதே பாதுகாப்பு என வாதிடுவோரும் உளர். ஆனால், பரிசோதனை வேளையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் இரகசிய மென்பொருளை உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் கார்களில் ஒளித்து வைத்திருந்தமை 2015இல் அம்பலமானபோது, அதனைச் செய்தது பெயர்பெற்ற வொக்ஸ்வேகன் நிறுவனமேயன்றிச் சிற்றூர் இளைஞர் எவருமல்லர். அதே ஆண்டில், உரிமையாளர் தமது வாகன மென்பொருளை ஆராய்ந்து திருத்துவதற்கு அமெரிக்காவில் பதிப்புரிமை விலக்கு வழங்கப்பட்டது. எனினும், புகைக் கட்டுப்பாட்டை முடக்குவதற்கு அவ்விலக்கு இடமளிக்கவில்லை. இலங்கையிலும் புகைப் பரிசோதனைச் சான்றிதழின்றி வருமான அனுமதிப்பத்திரம் பெறவியலாது. திருத்தும் உரிமை வேறு, பிறர் சுவாசிக்கும் காற்றைக் கெடுக்கும் உரிமை வேறு.

வேகத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஓடுபாதையிலிருந்து விலகிய கார் பார்வையாளர் மீது பாய்ந்ததில் சிறுமியொருத்தி உட்பட எழுவர் உயிரிழந்தனர். ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயத் திடலிலேயே இக்கதியெனில், பாடசாலைப் பிள்ளைகளும் கால்நடைகளும் குறுக்கிடும் மூதூர் வீதிகளில் வலுக்கூட்டிய வாகனங்களை விரட்டுவதை எவ்வாறு அனுமதிக்க முடியும்?

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், தொடர்ந்து ஏனைய பாலங்கள் அமைந்ததும் திருகோணமலைக்குப் படகையே நம்பியிருந்த மூதூரில் வாகனப் போக்குவரத்துக்கு வழி திறந்தது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டுள்ளது. இனி வருவன யாவும் கணனி ஆளும் வாகனங்களே. அவற்றைத் திருத்தும் அறிவு எமது கராஜ்களில் இல்லையெனில், சிறு பழுதுக்கும் தூர நகரங்களுக்குப் பணம் கொடுத்தே ஆகவேண்டிய நிலை உருவாகும்.

எனவே, தொழிற்பயிற்சி அதிகார சபையும் திருகோணமலைத் தொழினுட்பக் கல்லூரியும் இக்கல்வியைத் தமிழ் மொழியில் வழங்க முன்வர வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கார் தேவையில்லை. உணரிகளின் சமிக்ஞைகளைப் போலியாக உருவாக்கும் சிறு பலகையை மேசையில் வைத்தே ஆரம்பப் பாடங்களைப் பயிலலாம். அதில் தவறிழைத்தால் பிஸ்ரனும் உருகாது, உயிரும் போகாது. திருகாணியைக் காதாற் கேட்டுத் திருப்பியவர்களின் பிள்ளைகள், எண்களை அளந்தறிந்து திருத்தக் கற்கட்டும். வேகத்தை விரும்பும் எம் இளைஞரின் கைகளில் நாம் காண விழைவது அந்த நிதானத்தையே.