ஒரே செய்மதி, இரண்டு மணிக்கூடுகள்

மின்சார நெருக்கடியைத் தணிப்பதற்காக இலங்கை அரசு 1996 மே 25 அன்று நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்டோபர் 26 அன்று அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பெருநிலம் இரண்டையும் ஏற்காமல் பழைய நேரத்திலேயே நின்றது. இதனால், 2002 இல் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின் ஓமந்தைச் சாவடியைக் கடந்தவர்கள், 2006 ஏப்ரல் 15 அன்று நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, மணிக்கூட்டை அரை மணித்தியாலம் மாற்றவேண்டியிருந்தது. அந்த வேறுபாடு தீர்மானத்தால் பிறந்து தீர்மானத்தால் தீர்ந்தது. ஒரே நேரத்தைக் காட்டவேண்டிய இரண்டு மணிக்கூடுகள் செக்கனின் மில்லியனில் ஒரு பங்கு விலகும்போது எழும் சிக்கலோ ஆணையிட்டுத் தீர்க்கக்கூடியதன்று. அதை அளந்தே தீர்க்கவேண்டும்.

அத்தனை நுட்பம் எதற்கென்று கேட்பது நியாயமே. ஒரே அலைவரிசையில் மாறிமாறி அனுப்பியும் பெற்றும் இயங்கும் கைத்தொலைபேசி வலையமைப்புகளில், ஒவ்வொரு கோபுரமும் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோசெக்கனுக்கு, அதாவது செக்கனின் மில்லியனில் ஒன்றரைப் பங்குக்கு மேல் விலகலாகாது. விலகினால் ஒரு கோபுரம் அனுப்பும் அலை அயல் கோபுரம் பெறும் வேளையில் புகுந்து குழப்பும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் செல்லும் 132 கிலோவோல்ட் மின்வழி போன்ற நீண்ட வழிகளில், பழுதிலிருந்து எழும் அதிர்வு இரு முனைகளையும் அடையும் நேரங்களை ஒப்பிட்டுப் பழுதான இடத்தைக் கணிக்கும் முறையொன்றும் உண்டு. அங்கே ஒரு மைக்ரோசெக்கன் பிசகினால் கணித்த இடம் ஏறக்குறைய 150 மீற்றர் தள்ளிப்போகும்.

தொலைவிலுள்ள இரு மணிக்கூடுகளை இவ்வளவு நுட்பமாக ஒப்பிடும் எளிய வழியொன்றை அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்தைச் சேர்ந்த டேவிட் அலனும் மார்க் வைஸும் 1980 இல் முன்வைத்தனர். ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செய்மதிகள் ஒவ்வொன்றும் அணு மணிக்கூடுகளைச் சுமந்து, தம் நேரத்தை இடையறாது ஒலிபரப்புகின்றன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உள்ள இரு நிலையங்கள் முன்பே குறித்த அதே வேளையில் அதே செய்மதியைக் கவனித்து, அலை வந்துசேர எடுத்த நேரத்தைக் கழித்தபின், தத்தம் மணிக்கூடு செய்மதியினதைவிட எவ்வளவு முந்தியிருக்கிறதெனக் குறித்துக்கொள்கின்றன என்று கொள்வோம். கிளிநொச்சியில் 400 நனோசெக்கன், முல்லைத்தீவில் 250 நனோசெக்கன் எனக் கிடைத்தால் (நனோசெக்கன் என்பது செக்கனின் பில்லியனில் ஒரு பங்கு), இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 150 நனோசெக்கன். இனி, செய்மதியின் மணிக்கூடே 1000 நனோசெக்கன் பிழையாக ஓடியிருந்தாலும், அப்பிழை இரு அளவுகளிலும் ஒரே அளவாகப் புகுந்து, கழித்தலில் முற்றாக நீங்கிவிடும். 150 அப்படியே நிற்கும். நடுவில் நிற்பது சரியாக ஓடவேண்டியதில்லை, இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தால் போதும் என்பதே இம்முறையின் அழகு.

எனினும் எல்லாப் பிழையும் இப்படிக் கழிந்துவிடுவதில்லை. அன்ரெனாவின் இடம் 30 சென்ரிமீற்றர் பிசகினாலே ஒரு நனோசெக்கன் வரை பிழை வரலாம். அன்ரெனாவிலிருந்து வரும் கேபிளும் மீற்றருக்கு நான்கைந்து நனோசெக்கன் தாமதத்தைச் சேர்க்கும். இவற்றைவிடப் பெரியது, சூரியக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற உயர்வளி அடுக்கான அயன மண்டலம் அலைகளைத் தாமதிக்கச் செய்வது. புவிக் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்வதாலேயே 1963 இல் அங்குள்ள தும்பாவில் ரொக்கெட் ஏவுதளம் அமைக்கப்பட்டது; அக்கோட்டுக்கு வன்னியும் அண்மையிலேயே உள்ளது. அக்கோட்டை ஒட்டி அயன மண்டலம் செறிவாகவும் கொந்தளிப்பாகவும் இருப்பதால், இங்கு இத்தாமதம் பெரிதாகவும், சூரியன் மறைந்த பின் சில இரவுகளில் அலையே நடுங்குமளவுக்கு நிலையற்றதாகவும் இருக்கும். சுமார் 50 கிலோமீற்றர் இடைவெளியுள்ள கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இத்தாமதம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் பெரும்பகுதி கழிந்துபோகும். கிளிநொச்சிக்கும் பாரிசுக்கும் இடையில் அது கழியாது, இரண்டு அலைவரிசைகளில் அளந்து தனியாகக் கணிக்கவேண்டும்.

பாரிசுக்கு அருகிலுள்ள செவ்ரில் இயங்கும் சர்வதேச எடை அளவைப் பணியகம், புது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுகூடம் உட்பட ஏறக்குறைய 80 நிறுவனங்களின் நானூறுக்கும் மேற்பட்ட அணு மணிக்கூடுகளைப் பெரும்பாலும் செய்மதி வழியாகவே ஒப்பிட்டு, உலகப் பொது நேரத்தைக் கணித்து மாதந்தோறும் வெளியிடுகிறது. அந்த நேரத்தை எந்த ஒரு மணிக்கூடும் தனித்துக் காட்டுவதில்லை. பல மணிக்கூடுகளின் ஒப்பீட்டிலிருந்து பின்னரே அது பெறப்படுகிறது. இந்தியாவின் நாவிக் வழிகாட்டிச் செய்மதிகள் இலங்கையையும் தம் எல்லைக்குள் கொண்டிருப்பதும், அவற்றுள் ஒன்றாக 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்விஎஸ்-01 இந்தியாவிலேயே செய்த றுபீடிய அணு மணிக்கூட்டைச் சுமந்து சென்றதும் இப்பிரதேசத்துக்கு நற்செய்திகள். இச்செய்மதிகள் எப்போதும் இப்பிரதேசத்தின் வானிலேயே நிற்பதால், டெல்லியும் வன்னியும் ஒரே செய்மதியை நெடுநேரம் சேர்ந்து பார்க்க முடியும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. அங்கு ஒரு றுபீடிய மணிக்கூட்டையும் நேரம் அளக்கும் வாங்கியையும் நிறுவி, கொழும்பிலுள்ள இன்னொரு மணிக்கூட்டுடன் நாள்தோறும் ஒப்பிட்டுவந்தால், மாணவர் இம்முறையைக் கையாலேயே கற்பதுடன், மாலைக்குப் பின் அந்த ஒப்பீட்டில் தோன்றும் சிதறலிலிருந்து வன்னிக்கு மேலுள்ள அயன மண்டலத்தின் போக்கையும் படிக்கலாம்.