குதிகால் வலியா? படுக்கையிலேயே தொடங்குங்கள்!

விடிகாலையில் பால் கறக்க எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துவதுபோல் வலிக்கிறதா? கொஞ்சம் நடந்ததும் குறைந்து, உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வருகிறதா? குதிகாலிலிருந்து விரல்கள்வரை பாதத்தைத் தாங்கும் பட்டையான தசைநார் நைந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் ‘முள் வளர்ந்திருக்கிறது’ என்றால் பயப்பட வேண்டாம். வலியே இல்லாதவர்களுக்கும் அந்த முள் இருப்பதுண்டு.

வேலையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. எழுவதற்கு முன் காலை நீட்டி, பாதத்தில் துண்டைப் போட்டு, விரல்களை உங்கள் பக்கமாக 30 விநாடி இழுத்துப் பிடியுங்கள். இப்படி 3 முறை. மாலையில், தண்ணீர் உறைந்த பாட்டிலைத் துணியால் சுற்றி, உள்ளங்காலுக்கு அடியில் 10 நிமிடம் உருட்டுங்கள். சிமென்ட் களத்தில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். தேய்ந்த செருப்பை மாற்றுங்கள். வலி கூடுதலான நாளில் நடையைக் குறைத்து, உட்கார்ந்து செய்யும் வேலைகளைப் பாருங்கள்.

சூடான செங்கல்லில் எருக்கு இலை வைத்து மிதிப்பது ஊர் வழக்கம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது. கால் மரத்திருந்தால் சுடுவது தெரியாது; அந்தப் புண் காலையே பறித்துவிடலாம்.

பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் குணமாகிவிடும். வீக்கம், காய்ச்சல், மரத்துப்போதல், படுத்திருக்கும்போதும் வலி என்றிருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.