ஓலையும் சொல்லும்: தென்காசி வட்டார வீட்டுக் கைவினைகளில் பொருளறிவு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டில் கையால் செய்யப்படும் எளிய பொருள்கள் கைவினை ஆய்வுகளில் பெரும்பாலும் விற்பனைப் பொருள்களாகவோ அழகுப் பொருள்களாகவோ மட்டுமே நோக்கப்படுகின்றன. அவற்றுக்கு அடிப்படையான மூலப்பொருள் அறிவும், அவ்வறிவைத் தாங்கி நிற்கும் வினைச்சொற்களும் போதிய கவனம் பெறுவதில்லை. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் கிடைக்கும் தென்னை, பனை ஆகிய இரண்டின் ஓலைகளைக் கொண்டு செய்யப்படும் தோரணம், பெட்டி, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை இவ்வறிவை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குருத்தோலை, தோரணம், ஓலைப்பெட்டி, வட்டார வழக்கு, புழங்குபொருள் பண்பாடு.

முன்னுரை

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசி, இருவேறு நிலக்கூறுகளைக் கொண்டது. மேற்கே குற்றாலம், செங்கோட்டைப் பகுதிகள் மலையடிவாரத்தின் ஈரத்தாலும் சிற்றாற்றுப் பாசனத்தாலும் தென்னையும் நெல்லும் செழிப்பவை. கிழக்கே ஆலங்குளம், சங்கரன்கோவில் பகுதிகள் மழையை நம்பிய மேட்டு நிலங்கள். அங்குப் பனை மிகுதி. ஆகவே ஒரே மாவட்டத்திற்குள் இரண்டு ஓலைகளின் பண்பாடு நிலவுகிறது. எந்த ஓலையில் எதைச் செய்வது என்பதை நிலமும் ஓலையின் இயல்புமே முடிவு செய்கின்றன.

இரண்டு ஓலைகளின் இயல்பு

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. இவ்வகைப்பாட்டின்படி தென்னையும் பனையும் புல்லினத்தைச் சார்ந்தவை. இன்றைய தாவரவியலும் இவ்விரண்டையும் புற்களையும் ஒருவித்திலைத் தாவரங்களுள் வைக்கிறது. இவ்வொற்றுமைக்கு அப்பால் ஓலை அமைப்பில் இரண்டும் வேறுபடுகின்றன. தென்னை மட்டையில் ஓலைகள் இறகுபோல் இருபுறமும் தனித்தனியே பிரிந்து நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஈர்க்கு ஓடும். பனையோலை விசிறி வடிவினது. மடிப்பு மடிப்பாக ஒன்றோடொன்று இணைந்து விரிவது.

பயன்பாடும் இதற்கேற்ப அமைகிறது. பச்சைத் தென்னோலை எளிதில் மடங்கும். ஆனால் விரைவில் வாடிச் சுருங்கும். பதப்படுத்திய பனையோலை நெடுநாள் நிற்கும். சுவடிகளாக நூற்றாண்டுகளைக் கடந்து வந்தவற்றுள் பனையோலையும் ஒன்று என்பது அதன் உறுதிக்குச் சான்று. எனவே வீட்டுக் கைவினைகளை ‘ஒருநாள் பொருள்’, ‘நெடுநாள் பொருள்’ என இரண்டாகப் பகுக்க இடமுண்டு. முன்னது பெரும்பாலும் தென்னையையும், பின்னது பெரும்பாலும் பனையையும் சார்ந்தது.

ஒருநாள் பொருள்: குருத்தோலைத் தோரணம்

திருமணம், பூப்புச் சடங்கு, கோயில் கொடை ஆகியவற்றில் பந்தலிலும் தெருவிலும் கட்டப்படும் தோரணம் தென்னங்குருத்தோலையால் ஆனது. விரியாத குருத்து வெயில் படாமல் மூடியிருப்பதால் பச்சையம் ஏறாது வெளிர்மஞ்சளாக இருக்கும். இளமையால் முறியாமல் மடங்கும். இவ்விரு பண்புகளே தோரணத்தின் நிறத்தையும் வடிவத்தையும் தருகின்றன.

செய்முறை எளிமையானது. ஓலையை அளவாக நறுக்கி, இரண்டாக மடித்து, கத்தியால் ஓரத்தில் கீறி, கீறிய பகுதிகளை மடக்கிச் செருகினால் குருவி போன்ற வடிவம் தோன்றும். பசையோ நூலோ வேண்டுவதில்லை. ஓலையின் விறைப்பே மடிப்பைப் பிடித்து நிறுத்தும். இவ்வாறு செய்தவற்றைக் கயிற்றில் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு, நடுவே மாவிலை செருகுவர். மங்கல நிகழ்வுக்குரிய தோரணத்தையும் இறப்பு வீட்டுக்குரிய தோரணத்தையும் குருவிகளின் எண்ணிக்கை கொண்டும், அவற்றின் தலை நோக்கும் திசை கொண்டும் வேறுபடுத்தும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. அலங்காரமாகத் தோன்றும் பொருள் ஊருக்குச் செய்தி அறிவிக்கும் குறியாகவும் செயல்படுவதை இது காட்டுகிறது. மடிப்பு தவறினால் அழகு குறைவதோடு நில்லாமல் பொருளே மாறிவிடும்.

குருத்தெடுப்பதில் மற்றோர் அறிவும் அடங்கியுள்ளது. தென்னைக்கும் பனைக்கும் வளர்முனை ஒன்றே. அது உச்சியில் குருத்தின் அடியில் உள்ளது. அதனைச் சிதைத்தால் மரமே பட்டுப்போகும். ஆகவே எந்த அளவில் வெட்டுவது, ஒரே மரத்தில் எத்தனை முறை எடுப்பது என்பன மரமேறுவோரின் தேர்ச்சியைச் சார்ந்தவை. பந்தலில் தொங்கும் தோரணத்தில் மடிப்பவரின் கைத்திறனோடு மரமறிந்தவரின் அளவறிவும் சேர்ந்தே இருக்கிறது.

நெடுநாள் பொருள்: பனையோலைப் பெட்டி

பனையோலை முதிர்ச்சிக்கேற்பப் பெயர் பெறும். விரியாதது குருத்தோலை, விரிந்து பசுமையாக நிற்பது சாரோலை, காய்ந்து பழுத்தது காவோலை. நுண்மையான முடைவேலைக்குக் குருத்தோலையும், முரட்டுப் பயன்பாட்டுக்குச் சாரோலையும், எரிக்கவும் வேலியடைக்கவும் காவோலையும் உதவும். சொல்லை அறிந்தவர் அதன் பயனையும் அறிந்தவராகிறார்.

பெட்டி செய்வோர் குருத்தோலையை வெயிலில் உலர்த்தி வெளுக்கச் செய்வர்; ஈர்க்கை நீக்கி ஒரே அகலமுள்ள கீற்றுகளாக வகிர்வர்; முடையும் முன் நீர் தெளித்துப் பதமாக்குவர். அடிப்பகுதியை முடைந்து, மூலைகளில் மடக்கி மேலெழுப்பி, விளிம்பை ஈர்க்கோ நாரோ கொண்டு பொத்துவர். நனைத்தல் குறைந்தால் ஓலை வெடிக்கும். மிகுந்தால் உலர்ந்தபின் முடைவு தளரும். இப்பதத்தை எழுதிக் காட்டுவது அரிது. விரல்களே அதனை அறியும்.

யாழ்ப்பாணத் தமிழில் பாயும் பெட்டியும் ‘இழைக்க’ப்படுகின்றன, தென்தமிழகத்தில் அவை ‘முடைய’ப்படுகின்றன. அங்கு வழங்கும் நீற்றுப்பெட்டி பிட்டு அவிப்பதற்கும், குட்டான் பனங்கட்டி வைப்பதற்கும் உரியவை. தென்மாவட்டங்களில் கார்த்திகைத் திருநாளில் பச்சைப் பனையோலைக்குள் மாவை வைத்துக் கட்டி ஓலைக்கொழுக்கட்டை அவிக்கின்றனர். பனை செழித்த இரு நிலங்களிலும் ஓலை சமையற்கருவியாகவும் விளங்குகிறது.

விளையாட்டில் பயிற்சி

தென்னோலையில் ஊதல், பாம்பு, பந்து, கைக்கடிகாரம் ஆகியவற்றையும், பனையோலையும் முள்ளும் கொண்டு காற்றாடியையும் சிறுவர்கள் செய்வது வழக்கம். கோடையில் நுங்கு தின்றபின் எஞ்சும் கூந்தல்கள் இரண்டைக் குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி ஆகும். இவை பொழுதுபோக்கு மட்டும் அல்ல. மடித்தல், செருகுதல், கோத்தல் ஆகிய அடிப்படை வினைகள் இவ்விளையாட்டிலேயே கைவருகின்றன. பெட்டி முடையும் கை, பாம்பு மடித்த கையின் தொடர்ச்சியே.

மூலப்பொருள் மாற்றமும் சொல் மாற்றமும்

பிளாஸ்டிக் வந்தபின் வீட்டுக் கைவினை அழிந்தது என்னும் கூற்று முழு உண்மை அன்று. பிளாஸ்டிக் வயரைக் கொண்டு கூடை பின்னுதல் தமிழகப் பெண்களிடையே பரவலாக வேரூன்றியது. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் எனப் பின்னல் வகைகளுக்கு அவர்களே பெயரிட்டுப் புதிய சொற்றொகுதியை உருவாக்கினர். எனவே கைத்திறனும் சொல்லாக்கத் திறனும் மூலப்பொருள் மாறியபோதும் நின்றுவிடவில்லை.

எனினும் ஓர் இழப்பு நேர்ந்தது. வயர் கடையில் ஒரே அகலத்தில், எல்லாப் பருவத்திலும் கிடைப்பது. வெயிலும் பனியும் அதன் பதத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே குருத்தோலை, சாரோலை, காவோலை என்னும் வேறுபாடும், வகிர்தல், பொத்துதல் முதலிய வினைகளும் அங்குத் தேவையற்றவை ஆயின. மறைந்தது பின்னும் திறன் அன்று. மரத்தோடும் பருவத்தோடும் அத்திறனுக்கு இருந்த தொடர்பே மறைந்தது.

தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தது. மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. மரம் காக்கப்படுவது முதற்படி; ஏறுவோரும் முடைவோரும் இல்லையெனில் ஓலை மரத்திலேயே காவோலையாகி உதிரும்.

முடிவுரை

கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி, மக்கள் வாய்மொழிச் சொற்களைத் தொகுப்பதற்கு வழிகாட்டியாக அமைந்தது. அவ்வழியில் ஓலைக் கைவினைச் சொற்களைத் தொகுப்போர் பொருட்பெயர்களோடு நின்றுவிடாமல், வினைச்சொற்களையும் பதத்தைக் குறிக்கும் சொற்களையும், செய்யும் கையின் அசைவோடு சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். அருங்காட்சியகத்தில் வைத்த பெட்டி ‘பெட்டி’ என்னும் பெயரைக் காக்கும். ‘பொத்துதல்’ என்னும் வினையைப் பெட்டி செய்பவரே காக்க இயலும். தென்னையும் பனையும் அருகருகே வாழும் தென்காசி வட்டாரம் இத்தகைய ஒப்பீட்டுத் தொகுப்புக்கு மிகப் பொருத்தமான களமாகும்.