ஓடித் தேய்ந்ததல்ல, நின்று கெட்டது

அமெரிக்க, கனடியக் கிராமப்புறங்களில் ஏடிவி (கரடுமுரடான தரையிலும் ஓடும் சிறு மோட்டார் வண்டி) நிற்காத பண்ணைக் கொட்டகையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1970இல் ஹோண்டா விற்பனைக்குக் கொண்டுவந்த, பலூன் டயர் மாட்டிய மூன்று சக்கர வண்டியில் தொடங்கிய வம்சம் இது. 1980களில் நான்கு சக்கரமாகி, வேலியைச் சுற்றிப்பார்க்கவும், விறகு இழுக்கவும், வாசல் பனியைத் தள்ளவும் பழகிவிட்டது. அவற்றுள் முப்பது வயதான ஒன்று ஒருநாள் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி இரும்புக்கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்த முடிவு பெரும்பாலும் தவறு என்பது என் வாதம். ஆண்டுக்குச் சில வாரங்களே ஓடும் வண்டியை ஓட்டத்தைவிட ஓய்வுதான் அதிகம் கெடுக்கிறது. அந்தக் கேட்டைச் சரிசெய்யப் பொருத்தமான இடமும் வீடுதான்.

பெட்ரோல் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினில் முதல் பொறிக்குப் பற்றிக்கொள்கிறது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்கு வெளிக்காற்றோடு தொடர்பு இருந்தாக வேண்டும். அந்தக் காற்றின் அழுத்தம்தான் பெட்ரோலை ஜெட் என்ற நுண்துளைக்குள் ஏற்றுகிறது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் அதே வழியாக மெல்லிய பகுதி பறந்துவிடும். மிஞ்சியது ஆக்சிஜனோடு வினைபுரிந்து பழுப்பாகி, கடைசியில் வார்னிஷ் போன்ற பிசினாகப் படிகிறது. அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பகுதி 10% எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் இரண்டும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதும் அந்த அடியிலிருந்துதான். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனால் ஊதவைத்து வெடிக்கவைப்பது தனிக்கதை. நம் ஊரில் கார்புரேட்டர் வைத்த பழைய மொபெட்டை வீட்டில் மூடிவைத்திருப்பவருக்கும் இதே வேதியியல்தான்.

சோக் இழுத்தால் ஸ்டார்ட் ஆகி, சோக்கை விட்டதும் அணைந்துபோகும் வண்டி தன் நோயைத் தானே சொல்கிறது. ஐடில் ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் சிறிய ஜெட் அடைபட்டிருக்கிறது. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. பிசின் படிந்து விட்டம் 20% சுருங்கினாலே துளையின் பரப்பு 36% குறைந்துவிடும். கண்ணுக்கு ஜெட் திறந்திருப்பதாகவே தெரியும், எஞ்சினோ பட்டினி கிடக்கும். இரும்புக் கம்பியால் குத்துவது அதைவிட மோசம்: 10% அகன்றால் பரப்பு 21% கூடும், பித்தளை திரும்பிச் சுருங்காது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிப்பதே சரி.

‘மலிவான புது கார்புரேட்டர் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் டேங்கில் துருவும் பழைய பெட்ரோலும் இருக்கும்வரை புது ஜெட்டும் அடைபடத்தான் போகிறது. பழுது கார்புரேட்டரில்தானா என்பதும் முதலில் தெரிய வேண்டும். வால்வு இருக்கை தேயத் தேய, வால்வுக்கு விடப்படும் மெல்லிய இடைவெளி சுருங்கும். சூட்டில் விரிந்த வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். அப்படிப்பட்ட எஞ்சின் சத்தம் போடாது என்பதால் நல்ல எஞ்சின் என்றே நம்பிவிடுவோம். கம்ப்ரஷன், பொறி, பெட்ரோல் மூன்றையும் வரிசையாகச் சோதித்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் கூலி வாங்கும் பட்டறைக்கு இந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. பாகத்தை மாற்றுவதே அதற்கு லாபம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நேரத்துக்கு விலை வைக்காத இடம் வீடு ஒன்றுதான்.

பழைய கார்புரேட்டர் வண்டி புதியதைவிட அதிகம் புகை கக்கும் என்பதை மறுக்க முடியாது. தினமும் ஓட்டுகிறவர் புதியது வாங்குவதே மேல். பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் இன்னும் கனமானது. விபத்துகள் காரணமாகத் தயாரிப்பாளர்கள் 1988இல் அரசோடு செய்த உடன்படிக்கையால், மூன்று சக்கர ஏடிவிகளின் விற்பனை அமெரிக்காவில் நின்றுபோனது. எளிதில் கவிழும் அந்த வடிவத்தை எந்த ஸ்பானராலும் திருத்த முடியாது. அதில் குழந்தைகளை ஏற்றவே கூடாது. நான்கு சக்கர வண்டியிலும் எஞ்சின் உயிர்பெற்ற மகிழ்ச்சியில் பிரேக்கை மறந்துவிடக் கூடாது: சீல் கிழிந்த டிரம்முக்குள் சேறும் நீரும் புகுந்திருக்கும். டயர்கள் சுமார் 5 பிஎஸ்ஐ அளவிலேயே ஓடுபவை என்பதால் கார் டயர் கேஜ் அங்கே சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் வேண்டும். ஸ்டார்ட் ஆன எஞ்சின் மணமற்ற கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதனால் கிக்கரை மிதிக்கும் முன், வெளியே பனி கொட்டினாலும், வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிவிட வேண்டும்.